மூணு செகண்டின் காது

பல் செட் செய்கிறவனை ஊரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார், அளவெடுப்பார், நாலு நல்ல வார்த்தை பேசுவார், பேர் அவருக்குப் போய்விடும். அந்த வாய்க்குள் போய் உட்காரப்போகிற பல்லை மெழுகில் வரிசை கட்டி, ராவி, பாலிஷ் போடுகிறவன் எங்கேயோ ஒரு சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே, பிளாஸ்டர் தூசியைத் தின்றுகொண்டு கிடப்பான். நம் ஆளும் அப்படிக் கிடந்தவர்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஒரே லேப், ஒரே மேஜை, வலது காதுக்குப் பக்கத்தில் ஒரே மோட்டார். அது பல்லை ராவும்போது போடுகிற சத்தத்தைக் கேட்டால் நமக்குப் பல் கூசும். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஆனாலும் மனுஷனுக்கு மரியாதை வந்து சேர்ந்தது. பல்லால் இல்லை, காதால்.

'மூணு செகண்ட்' என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. அவருக்குக் கோபம் வராது. பட்டம் கொடுத்த மாதிரி நிமிர்ந்து உட்காருவார். சாஸ்திரிய சங்கீதத்தில் எதை வேண்டுமானாலும் எடுத்து, நடுவில் எங்கேயாவது கத்தரித்து, மூன்றே செகண்ட் போட்டுக் காட்டுங்கள். ராகத்தைச் சொல்லிவிடுவார். ராகம் மட்டுமா? என்ன வாத்தியம், என்ன சுருதி, பாடுகிறவருக்கு அன்றைக்கு ஜலதோஷமா இல்லையா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். நாலாவது செகண்டில் என்ன வருகிறது என்று கேட்கிற வழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. ஒரு முழுப் பாட்டை உட்கார்ந்து கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. விடை தெரிந்த பிறகு எதற்குக் கேட்பது?

இதற்கென்று போனில் ஒரு குழு இருந்தது. ஆரம்பித்தவர் ரிட்டையரான பிசிக்ஸ் வாத்தியார். யாராவது ஒருவர் துண்டு அனுப்ப வேண்டும், மற்றவர்கள் ராகம் சொல்ல வேண்டும், முதலில் சொன்னவருக்குக் கைதட்டுகிற பொம்மை வரிசையாக வரும். அந்தக் கைதட்டலில் முக்கால்வாசி நம் ஆளுக்குத்தான். பார்க்க நாலு பேர் வேண்டாமா என்று வீட்டில் இருப்பவர்களையும் அவர் விடவில்லை. மனைவி, மகள், மாப்பிள்ளை மூன்று பேரையும் யாரையும் கேட்காமல் குழுவில் இழுத்துப் போட்டிருந்தார். மாப்பிள்ளை மறுநாளே நைசாகக் கழன்றுகொண்டார். அப்பா மனசு நோகுமே என்று மகள் இருந்தாள். மனைவி இருந்தது, வெளியே போகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாததால்.

அந்த மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். எக்ஸ்சேஞ்சம்மா என்றால்தான் அங்கே தெரியும். அழுதுகொண்டு கூப்பிடுவார்கள், திட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள், வார்டு பேரை மறந்துவிட்டுக் கூப்பிடுவார்கள், பெற்றவர்கள் போனதைக்கூடக் கரகரப்புக்கு நடுவே திக்கித் திக்கிச் சொல்வார்கள். கடைசி வார்த்தை வரைக்கும் கேட்காமல் அவள் லைனை மாற்றியதே கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீட்டுக்காரர்தான் இவர்.

"ஏங்க, நாளைக்கு..." என்று அவள் ஆரம்பிப்பாள்.

"கேஸ் தீர்ந்துபோச்சு, அதானே? சொல்லிடறேன் விடு."

"இல்லைங்க, நாளைக்கு எங்க தம்பி..."

"பணம் கேக்கறானா? இப்ப முடியாதுன்னு சொல்லு."

தம்பி பாவம், ஊருக்கு வருகிறான் என்று சொல்ல வந்திருப்பாள். இந்த வியாதியில் கொடுமை என்னவென்றால், பத்தில் ஆறு தடவை அவர் சொல்வது சரியாக இருந்து தொலைக்கும். பத்தும் தப்பாக இருந்தால் என்றைக்கோ ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். ஆறு சரி என்கிற தெம்பில் மிச்ச நாலையும் அவர் அடித்து விட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். அவளுக்கு வயிற்றெரிச்சல்தான். தன் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு வாக்கியத்தையாவது முற்றுப்புள்ளி வரை சொல்லி முடித்திருப்போமா என்று யோசித்துப் பார்ப்பாள். திருடன் நுழைந்த அன்றைக்குச் சொன்ன "திருடன்" மட்டும்தான் நினைவுக்கு வரும். அது ஒரே வார்த்தை.

அவருக்குக் காது கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். முதலில் போனது கீச்சென்ற சத்தங்கள். குக்கர் விசில் அவருக்குக் கேட்காது. வாசல் மணியாக ஒரு குருவி கத்தும், அதுவும் கேட்காது. எதிரே இருக்கிற ஆள் என்ன சொன்னான் என்று தெரியாவிட்டால் சாதாரண மனுஷன் "என்ன?" என்று கேட்பான். நம் ஆள் கேட்பாரா? ராகத்தைச் சொல்கிற மாதிரி, எதிராளியின் முகத்தைப் பார்த்து ஒரு பதிலைச் சொல்லிவிடுவார். அதுவும் பத்தில் ஆறு பொருந்திப் போகும். அதனால் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்படியானால் குழுவில் எப்படி ஜெயிக்கிறார்? அதைத்தான் அவளாலும் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடவே போய்ப் பார்த்தாள். வாராவாரம் குழுவில் இருப்பவர்கள் டிரைவிங் ஸ்கூல் ஒன்றின் வகுப்பறையில் நேரிலேயே கூடுவார்கள். சுவர் முழுக்க 'வளைவு', 'வேகத்தடை', 'ஒலி எழுப்பாதே' என்று படங்கள். டிரைவிங் ஸ்கூல் ஓனர் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார். வாத்தியார் போனில் துண்டைப் போடுவார்.

அவள் பாட்டைக் கேட்கவில்லை, வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனின் பக்கம் தலையைத் திருப்பக்கூட இல்லை. ஆட்களைப் பார்த்தார். வாத்தியார் தானே தேர்ந்தெடுத்த துண்டு என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அப்படியென்றால் அது தோடி, அவருக்கு உலகத்தில் வேறு ராகமே கிடையாது. டிரைவிங் ஸ்கூல்காரர் கண்ணை மூடிக்கொண்டால் காம்போதி. ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற டெய்லர் தலையை இடமும் வலமும் ஆட்டினால் மோகனம், மேலும் கீழும் ஆட்டினால் கல்யாணி. போனில் வருவதற்கும் இதே கதைதான். அனுப்பினவர் யார் என்று பார்த்தால் போதும், பாதி விடை கையில். தாளவாத்தியத்தின் கும்மு கும்மு மட்டும் கொஞ்சம் விழும், மிச்சம் அடித்து விடுவது.

"தோடி!" என்றார் நம் ஆள், வாத்தியாரின் நெஞ்சைப் பார்த்து.

"அபாரம்!" என்றார் வாத்தியார். "காதா இது? காதா? கம்ப்யூட்டர்!"

எல்லோரும் கைதட்டினார்கள். எக்ஸ்சேஞ்சம்மாவும் தட்டினாள். வேறென்ன செய்வது? வீட்டுக்காரர் பித்தலாட்டம் செய்கிறார் என்று பிஸ்கட் தட்டுக்கு மேலே எழுந்து நின்று சொல்லவா முடியும்?

அந்த வருஷம் மகளுக்குப் பிரசவ லீவு, அதற்கு மேல் கெஞ்சி வாங்கிய லீவு எல்லாம் தீர்ந்துபோயின. பேத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பகலில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்சேஞ்சம்மா இதற்காகவே காத்திருந்தவள். சின்ன அறையைக் காலிபண்ணி, மேஜையின் முனைகளுக்கெல்லாம் பஞ்சு சுற்றி, தரையில் மெத்தை விரித்து வைத்துவிட்டாள். வேலையை விட்ட பிறகு அந்த வீட்டில் அவள் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வரப்போகிறது என்கிற சந்தோஷம் அவளுக்கு.

மகள் வந்தாள், மெத்தையைப் பார்த்தாள், அம்மாவைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, நேராவே சொல்றேன். அப்பாவுக்குக் காது கேக்கல."

"வயசானா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்டி."

"கொஞ்சம் இல்லம்மா. நேத்து நான் பின்னாடி நின்னு அப்பா, அப்பான்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அசையவே இல்லை. நீ இல்லாத நேரத்துல பாப்பா அழுதா யாருக்குத் தெரியும்?"

"நான் எங்கடி போகப் போறேன்?"

"குளிக்க மாட்டியா நீ?"

எக்ஸ்சேஞ்சம்மா துணியை எடுத்து அடுப்பு மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"மொதல்ல டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மெஷின் வைக்கணும்னா வெச்சுக்கட்டும். அப்புறம் பாப்பாவை இங்க விடறேன். இல்லைன்னா ஆபீஸ் பக்கத்துல காப்பகம் இருக்கு, சேத்துடுவேன். இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்மா."

விஷயத்தைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது மூணு செகண்ட் வீட்டையே இரண்டாக்கிவிட்டார்.

"எனக்கா? காதா? போயும் போயும் எனக்கா? காதுல மெஷினை மாட்டிக்கிட்டு நான் வாத்தியார் முன்னாடி போய் உக்காரணுமா? அதுக்கு நான் செஞ்ச பல்லை நானே முழுங்கிட்டுச் சாகலாம்!"

கத்திவிட்டு, பேத்தி வர வேண்டுமே என்பதும் நினைவு வந்து, கிளம்பினார். பேத்தி என்றால் அவருக்கும் உயிர். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

காது பார்க்கிற இடத்தில் ஏகப்பட்ட கூட்டம். ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு நாற்காலி. அவர் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னாள் டெஸ்ட் எடுக்கிற பெண். அவள் வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகச் சுவரைப் பார்த்து உட்காரவைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் ஒரு காதின் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததுதான் வினை.

எக்ஸ்சேஞ்சம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அந்தப் பெண் காதில் நீளமான தொங்கட்டான் போட்டிருந்தாள். ஒவ்வொரு தடவை மெஷினைத் தட்டும்போதும் தலையைக் குனிவாள், தொங்கட்டான் ஆடும். அது சுவரில் இருந்த படத்தின் கண்ணாடியில் ஜம்மென்று தெரியும். தொங்கட்டான் ஆடிற்று, நம் ஆள் அமுக்கினார். ஆடிற்று, அமுக்கினார். காலையிலிருந்து உட்கார்ந்து அலுத்துப்போன பெண் வேறு. ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் படத்தைப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். இடது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்தது, வலது கை இடம் பார்த்து அமுக்கியது. நாலைந்து இடத்தில் வேண்டுமென்றே விட்டும் கொடுத்தார். எல்லாமே சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று தெரிந்த பெரிய மனுஷர் அல்லவா!

"சார், சூப்பர் சார்!" என்றாள் அந்தப் பெண், ஹெட்போனைக் கழற்றிவிட்டு. "காலேஜ் பையன் காது சார் உங்களுக்கு. கொஞ்சம் வெளிய உக்காருங்க, ரிப்போர்ட் தர்றேன்."

"ஆமாம்மா, சின்ன வயசுலேர்ந்தே சங்கீதம்" என்றார் மூணு செகண்ட்.

அந்தப் பெண் சிரித்தாள். கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் யோசித்திருப்பாள். அடுத்த ஆள் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எக்ஸ்சேஞ்சம்மா அங்கேயே சொல்லியிருக்கலாம். "ஏம்மா, உன் தொங்கட்டானைக் கழட்டிட்டு இன்னொரு தடவை பாரு" என்றால் முடிந்தது. வாயைக்கூடத் திறந்தாள். பேத்திக்கு விரித்து வைத்த மெத்தை கண்ணுக்குள் வந்தது. மெஷின் வேண்டும் என்று எழுதிவிட்டால் இந்த மனுஷன் மாட்ட மாட்டார், மாட்டாவிட்டால் குழந்தை வராது. இந்த ரிப்போர்ட் இருந்தால் குழந்தை வரும். நான்தான் இருக்கிறேனே, கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். வாழ்க்கை முழுக்க ஒரு தடவைகூடத் தப்பாக லைனை மாற்றிக் கொடுக்காதவள் அன்றைக்குத் தெரிந்தே மாற்றிக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது ஆற்றாமையில் கேட்டாள். "அந்தப் பொண்ணோட தொங்கட்டான் உங்களுக்கு நல்லாவே கேட்டுச்சு போல?"

"ஆமாமா" என்றார் அவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "வெயில் ஜாஸ்திதான்."

ரிப்போர்ட்டைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். கைதட்டுகிற பொம்மைகள் குவிந்தன. வாத்தியார் அதைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னார். மகள் இரண்டு தடவை பார்த்தாள், அம்மாவின் முகத்தையும் பார்த்தாள்.

"நெசமாவாம்மா?"

"டெஸ்ட் எடுத்தவங்களே சொல்றாங்க, அப்புறம் என்னடி?" என்றாள் எக்ஸ்சேஞ்சம்மா. அந்தப் பொய் நாக்கில் கசந்தது.

குழந்தை வந்தது. வீடு வீடாக ஆயிற்று. எக்ஸ்சேஞ்சம்மா மகள் வருவதற்கு முன்னால் விடியலிலேயே குளித்துவிடுவாள். கடைக்குப் போவதை அடியோடு நிறுத்தினாள். சமையலறையில் நின்றால் ஒரு கண் அடுப்பில், ஒரு காது குழந்தையிடம். மூணு செகண்டுக்கு லேப்பில் காலையில் மட்டும்தான் வேலை. மத்தியானம் வந்துவிடுவார், வந்ததும் பேத்தியை மடியில் தூக்கிப் போட்டுக்கொள்வார். அவள் அவருடைய மீசையைப் பிடித்து இழுத்தபடி, யாருக்கும் புரியாத பாஷையில் நீளமாக ஏதோ சொல்வாள்.

"அப்படியா? அப்புறம்?" என்பார் அவர். "அய்யய்யோ! அப்புறம் என்ன ஆச்சு?"

அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார். அடித்து விட அங்கே வழியில்லை பாருங்கள். எக்ஸ்சேஞ்சம்மா அதைச் சமையலறை வாசலில் நின்று பார்ப்பாள். சந்தோஷமாகவும் இருக்கும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் மத்தியானம் குழந்தைக்கு டயாபர் தீர்ந்துபோயிற்று. கொண்டுவந்து தருகிறேன் என்ற கடைக்காரப் பையன் வரவில்லை. கடை வேறெங்கோ இல்லை, அதே கட்டடத்தின் அடியில்தான். குழந்தை அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரரின் முகத்துக்கு எதிரே போய் நின்று, வாயை அகலமாகத் திறந்து சொன்னாள்.

"கீழ கடைக்குப் போறேன். பாப்பா தூங்கறா. உள்ள போய்ப் பக்கத்துலயே உக்காருங்க."

"தெரியும், தெரியும். போயிட்டு வா."

போனில் புதிதாக ஒரு துண்டு வந்திருந்தது. 'கீழே' என்பது வரை கேட்டிருப்பார், மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டிருப்பார். இருந்த நாற்காலியிலேயே இருந்தார்.

கடையில் முன்னால் நின்ற ஆள் எதையோ திருப்பிக் கொடுக்க வந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் நிலைகொள்ளாமல் நின்றாள். அந்த நேரத்தில் தெருவில் இரைச்சல். வெளியே எட்டிப் பார்த்தால் பழவண்டிக்காரரும், தண்ணீர் கேன் போடுகிற ஆளும், எதிர்வீட்டு அம்மாவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் வீட்டுக் கொழந்தைம்மா அது?" என்றார் பழவண்டிக்காரர். "எவ்வளவு நேரமாக் கத்துது! வீட்டுல ஆளே இல்லியா?"

மூன்றாவது மாடி பால்கனி. கம்பிக்கு நடுவில் இரண்டு கைகளும் நீட்டிக்கொண்டிருந்தன. எழுந்து நடந்து பால்கனிக்குப் போயிருக்கிறது, காற்றில் கதவு சாத்திக்கொண்டுவிட்டது, அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் பிடி கிடையாது. கம்பி மேல்வரை இருந்ததால் விழ வழியில்லை. ஆனால் வெயில் நேராக அடிக்கிற தரை. குழந்தை அழுத அழுகை தெருக்கோடிவரை கேட்டது.

எக்ஸ்சேஞ்சம்மா லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு ஒன்று படியில் கிடந்தது. கதவைத் திறந்தால், ஹாலில் மனுஷன் பால்கனிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். போன் காதோடு காதாக. கண் மூடியிருக்கிறது. விரல் தாளம் போடுகிறது.

அவரைத் தாண்டி ஓடிப்போய்க் கதவைத் திறந்து குழந்தையை வாரி எடுத்தாள். பாதம் இரண்டும் சிவந்து கிடந்தன. மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகின. ஆள் கிடைத்த தெம்பில் குழந்தை இன்னும் உச்சத்தில் வீரிட்டது. அப்படியே தூக்கிக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். இப்போது திரும்புவார் என்று நினைத்தாள். கைநீட்டினால் தொட்டுவிடுகிற தூரம். குழந்தை கத்துகிறது. அவர் திரும்பவில்லை. 'பைரவியா இருக்குமோ' என்று தனக்குள் முனகிக்கொண்டார்.

அவளுக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! அந்த மண்டையில் எதையாவது போட்டு உடைக்கலாம் போலிருந்தது. அவர் மேல் மட்டும் இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்ட தன் மேலும்தான். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் போனை எடுத்தாள். அந்தக் குழுவைத் திறந்தாள். இதுவரை அவள் அதில் ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை. மைக் படத்தை அமுக்கி, குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் விரலை எடுத்தாள். துண்டு போய்விட்டது.

அவர் கையில் இருந்த போன் அதிர்ந்தது. திரையைப் பார்த்தார், புருவம் ஏறிற்று. போனைக் காதில் அழுத்திக் கேட்டார். ஒரே தடவைதான். விரல்கள் பரபரவென்று தட்டின. அதற்குள் மற்றவர்களும் முந்தினார்கள். அத்தனை பேரும் காது நன்றாகக் கேட்கிறவர்கள், அதையும் சொல்லிவைக்கிறேன்.

"புல்லாங்குழல்" என்று போட்டார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"நாதஸ்வரம். ஊதுகிற சீவாளி சரியில்லை. ராகம் யோசிக்கிறேன்" என்றார் வாத்தியார்.

அடுத்து மூணு செகண்ட். "வயலின். சுபபந்துவராளி. மேல் ஸ்தாயி. வில்லை ரொம்ப அழுத்துகிறார், சாதகம் போதாது. அனுப்பியது என் வீட்டம்மா, முதல் முயற்சிக்குப் பாராட்டு."

"நானும் அதையேதான் நினைத்தேன்!" என்றார் வாத்தியார். கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

அதற்குக் கீழே மகளுடைய பதில் வந்தது. அவளுக்கு மூன்று செகண்ட் தேவைப்பட்டிருக்காது.

"அது பாப்பா. அம்மா, பாப்பா ஏன் அழறா? அப்பா எங்க?"

மூணு செகண்ட் அதைப் பார்க்கவில்லை. மனைவி முதல் தடவையாகத் தன் வழிக்கு வந்துவிட்ட பெருமையில், முகம் கொள்ளாத சிரிப்போடு நாற்காலியிலேயே பின்பக்கம் திரும்பினார்.

திறந்த வாய் ஒன்று அவர் முகத்துக்கு நேரே இருந்தது. ஆயுள் முழுக்கத் திறந்த வாய்களைப் பிளாஸ்டரில் பார்த்தவர். இரண்டு மேல் பல், மூன்று கீழ்ப் பல், உள்நாக்கு நடுங்குகிறது, கன்னமெல்லாம் தண்ணீர். அவருக்குக் கொஞ்சமாக ஏதோ கேட்டது, தூரத்து வீட்டில் மோட்டார் ஓடுகிற மாதிரி. சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. மனைவியின் கையில் இருந்த போனைப் பார்த்தார். தன் போனைப் பார்த்தார். மகள் எழுதியிருந்ததைப் படித்தார். பொம்மைகள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தன.

அவர் குழந்தைக்குக் கை நீட்டினார். எக்ஸ்சேஞ்சம்மா கொடுக்கவில்லை. பாதத்துக்குத் தண்ணீர் ஊற்ற உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மகள் சாயங்காலம்வரை காத்திருக்கவில்லை, பாதி வேலையில் கிளம்பி வந்தாள். குழந்தையை வாங்கிப் பாதத்தைத் தடவிப் பார்த்தாள். அதற்குள் அது சிரித்துக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சம்மா தொங்கட்டான் முதல் டயாபர் வரை எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள், அம்மாவின் பெண் அல்லவா. கேட்டு முடித்து, குழந்தையின் துணிமணியைப் பைக்குள் அடுக்கினாள்.

"அப்பாவையாவது மன்னிச்சுடுவேன்மா" என்றாள். "உனக்குத் தெரியும். நீ தெரிஞ்சே சொன்ன."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். அவர் எழுந்து நின்றார். மகளின் உதடுகளையே உற்றுப் பார்த்தார்.

"பாப்பா இனிமே இங்க வரமாட்டாப்பா" என்றாள் மகள்.

"சரிம்மா, சரிம்மா" என்றார் அவர் அவசரமாக. "காலைல வெள்ளனவே கொண்டாந்து விடு. நான் லேப்புக்கு லீவு போட்டுடறேன். மடியை விட்டு எறக்க மாட்டேன், பாரு."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்திலும் ஏதோ தப்பு. மறுபடி மகளைப் பார்த்தார், பையைப் பார்த்தார். வேறு ஒரு பதிலைச் சொல்ல வாயெடுத்தார், எதுவும் தோன்றவில்லை.

"எனக்குக் கேக்கலைம்மா" என்றார் மனைவியிடம். "என்ன சொன்னா? கொஞ்சம் சொல்லேன்."

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவள் கேட்டே இராத கேள்வி. அதற்காக அவள் எவ்வளவு ஏங்கியிருப்பாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டார், சொல்ல வேண்டிய பதில்தான் இப்படி ஆகிவிட்டது. இருந்தாலும் கிட்டே போனாள். அவருடைய இடது காதின் மேல் கையைக் குவித்துப் பிடித்து, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி, கடைசிவரைக்கும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை.